வெனீருக்கு அடியில் ஒரு கோடு: ஐந்து ஆண்டு அனுபவம்

தம் வீட்டு ஈட்டி மர அலமாரியின் கதவுப் பலகை பிளந்துவிட்டதாகவும், விரிசலை அடைத்து மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டிவிடலாமா என்றும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். ஆம், இல்லை என்று உடனே சொல்ல வரவில்லை. அப்படி ஒட்டிய மேசையில்தான் நான் ஐந்து ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேசை அப்பாவுடையது, பர்மா தேக்கு, நாலடிக்கு இரண்டடி. மேற்பலகையில் இரண்டரை அடி நீளத்துக்கு விரிசல். ஒரு மூலையில் கரையான் அரிப்பு. மதுரையில் ஒரு தச்சர் அரித்த பகுதியைச் செதுக்கி எடுத்துத் தேக்குத் துண்டு பதித்தார். விரிசலில் வெள்ளைப் பசையையும் மரத்தூளையும் குழைத்து அடைத்தார். மறுநாளே இழைத்துச் சமன்செய்து, அரை மில்லிமீட்டர் தேக்கு வெனீரை அடிப்பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே ஒட்டினார்.

வெனீரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் விரித்தாற்போல் சேர்த்திருந்ததால், நடுவிலிருந்து இருபுறமும் ரேகைகள் ஒன்றுபோல விரிகின்றன. காபி டம்ளரின் வட்டம் பாலிஷில் விழுந்ததே தவிர, வெனீர் எங்கும் எழும்பவில்லை. துண்டு பதித்தது எந்த மூலையில் என்பதை நானே குனிந்து அடியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கோடு! மூன்றாம் மாதம் ஒரு நாள், காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது, விரிசல் ஓடிய தடம் அப்படியே மேலே தெரிந்தது. உள்ளங்கையால் தடவினால் தெரியாது. நகத்தை ஓட்டினால் தெரியும். பசையிலிருந்த ஈரத்தைக் குடித்து விரிசலின் இரு கரைகளும் உப்பியிருந்தன. உப்பியிருந்தபோதே இழைத்ததால், ஈரம் வற்றிய பின் அங்கே மட்டும் மெல்லிய பள்ளம் விழுந்துவிட்டது. வெனீர் பள்ளத்தை மூடாது, பள்ளத்தோடு தானும் இறங்கும். பளபளக்கும் பாலிஷ் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். ஓரிரு வாரம் காயவிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. நியாயமாகச் சொன்னால், வீட்டு விசேஷத்துக்கு முன் மேசை வேண்டுமென்று தச்சரை விரட்டியவன் நான்தான்.

மூன்றாம் ஆண்டுக் கத்திரி வெயிலில் அந்தக் கோட்டின் முனையில் வெனீரே நான்கு அங்குலத்துக்குப் பிளந்தது. அன்று அவரை மனத்துக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது. பிறகு மேசையைக் கவிழ்த்தபோதுதான் நோயின் வேர் தெரிந்தது. மேற்பலகையின் குறுக்கே இரண்டு சட்டங்கள் இறுகத் திருகப்பட்டிருந்தன. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும் என்றாலும், இரண்டடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டராவது அசையும். நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது என்பதால் குறுக்குச் சட்டம் விட்டுக்கொடுக்காது. பலகை முதலில் பிளந்ததும் இதனால்தான். பலகை அசைய இடம் கிடைக்கும்படி சட்டங்களின் திருகுத் துளைகளை நீள்துளைகளாக்கி, பிளவில் ஊசியால் பசை செலுத்தி, மேலே காகிதம் போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன். பிளவு பிறகு நீளவில்லை. கோடு மட்டும் போகவில்லை.

நண்பரின் கதவு சட்டக்கதவு, அதாவது சுற்றிலும் சட்டமும் நடுவில் செருகிய பலகையும் கொண்டது. பழைய பாலிஷும் அழுக்கும் இறுகி, பலகை செருகியிருக்கும் சட்டத்தின் காடியில், அந்த நீளப் பள்ளத்தில், ஒட்டிக்கொண்டிருந்தால் அதை முதலில் விடுவிக்க வேண்டும். விரிசலில் பசையும் மரத்தூளும் குழைத்த பட்டி வேண்டாம், அதே மரத்தின் மெல்லிய சிம்பைச் செருக வேண்டும். வெனீர் ஒட்டுவதானால் பலகையின் பின்பக்கத்திலும் ஒட்ட வேண்டும், இல்லையேல் பலகை வளையும்.

இவ்வளவையும் பொறுமையாக விளக்கிவிட்டு, கடைசியில் "ஒட்டாதீர்கள், சிம்போடு நிறுத்திவிடுங்கள்" என்றேன். வெனீரை அவ்வளவு புகழ்ந்த நீங்களே ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று நண்பர் கேட்டார். அன்று காலையும் கோடு கண்ணில் பட்டிருந்தது. வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மேசையைத் திருப்பிப் போட்டேன். இப்போது வெயில் ரேகையோடு நீளவாக்கில் விழுவதால் பள்ளத்தில் நிழல் கட்டுவதில்லை. எழுத உட்காரும்போது நகம் மட்டும் அந்த இடத்துக்குத் தானாகப் போய்விடுகிறது.