‘அட்வான்ஸ்டு எக்செல்’ கோர்ஸ் என்று 8,500 ரூபாய் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது எங்களுக்கு பில் போட்டவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியவற்றின் பட்டியல் வந்ததும், எங்கள் கணக்கு மென்பொருளான டேலியில் இருக்கும் பர்ச்சேஸோடு அதைச் சரிபார்க்க வேண்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நானூறு பில்லாவது தேறும். நாங்கள் 0412 என்று போட்டிருப்போம், அவர்கள் 412 என்று ஏற்றியிருப்பார்கள். சில நம்பரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். எக்செல் இரண்டையும் வேறு வேறு பில் என்றே சொல்லும். ஒவ்வொன்றாகத் தேடி முடிக்க இரண்டு நாள் ஓடிவிடும். எக்செலில் பட்டியல்களைத் தானாகச் சுத்தம் செய்து சேர்த்துத் தரும் பவர் கொயரி என்ற வசதியில் ஒருமுறை செய்து வைத்துவிட்டால், அடுத்த மாதம் புது ஃபைலைப் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும் என்று ஆடிட்டர் ஆபீஸில் சொன்னார்கள். அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்குப் போனேன்.

நோட்டீஸில் ‘வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். பவர் கொயரி, பிவட், மேக்ரோ, டாஷ்போர்டு’ என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். எட்டு ஞாயிறு, 8,500 ரூபாய். “நாளையிலிருந்து ஃபீஸ் ஏறுது மேடம், இன்னைக்கே கட்டிடுங்க” என்று போனில் அவசரப்படுத்தினார்கள். கட்டிவிட்டேன். கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள், ஜிஎஸ்டி பில் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு போல்டு, பார்டர், கலர். இரண்டாவது ஞாயிறு செல்களை மெர்ஜ் செய்து தலைப்பு போடுவது. கணக்கு ஷீட்டின் நடுவில் மெர்ஜ் செய்தால் வரிசைப்படுத்தும்போது எக்செல் மறுக்கும், கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் தகராறு செய்யும். வேலையில் இருக்கும் யாருக்கும் இது தெரியும். அதைத்தான் அங்கே பாடமாக நடத்தினார்கள்.

ஐந்தாவது வாரம் பவர் கொயரி எப்போது என்று கேட்டேன். அங்கிருந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் எக்செல் 2010. மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரிலேயே கைகழுவிய பதிப்பு அது. பவர் கொயரி 2016 பதிப்பிலிருந்துதான் உள்ளேயே வருகிறது, 2010க்குத் தனியாக ஆட்-இன் போட வேண்டும். ஒரு மெஷினிலும் போட்டிருக்கவில்லை. “அது மாஸ்டர் லெவல் மேடம், தனி கோர்ஸ், இன்னும் 6,000” என்றார் பயிற்சியாளர்.

என் பணம் போனதைவிட எனக்குத் தாங்காதது ஆறாவது வாரம் நடந்தது. ஒரு பட்டியலில் தேடி அதற்கு நேராக இருப்பதை எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவை நடத்தினார். சரியாகப் பொருந்துவதை மட்டும் எடு என்று கடைசியில் போட வேண்டிய ஃபால்ஸை (FALSE) போடாமலேயே விட்டுவிட்டார், அது தேவையில்லை என்றும் சொன்னார். அதைப் போடாவிட்டால் எக்செல் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லையென்றால் எதையோ எடுக்கும், பல நேரம் பிழை என்றுகூடக் காட்டாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும். சொல்லிக் கொடுத்ததை அப்படியே தன் நூல் விலைப் பட்டியலில் போட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “ஏனுங்க அம்மணி, இது சரிதானுங்களா?” என்றார். கவுண்டு என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண்; 34ஆம் கவுண்டுக்கு நேராக 20ஆம் கவுண்டின் விலை நின்றது. நல்லவேளை, முதலாளி பார்வைக்கு இன்னும் போகவில்லை. ஃபால்ஸ் போட்டுக் கொடுத்ததும் அந்த நெடுவரிசையில் பாதி விலை மாறியது. அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்று மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

சரி, நீங்கள் சேரப்போகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன் உங்கள் ஆபீஸ் ஃபைலிலிருந்து இருபது வரியைப் பெயர்களை மாற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பயிற்சியாளரை உங்கள் கண் முன்னால் அதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மெஷினில் என்ன பதிப்பு என்று திறந்து பாருங்கள். எந்த வாரம் என்ன பாடம் என்பதை எழுதி வாங்குங்கள், பில்லும் வாங்குங்கள்.

நானும் அந்த அண்ணனும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் அடுத்த பேட்சுக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதிலும் முதல் வரியில் பவர் கொயரி.