வண்ணாரப்பேட்டையில் வாங்கிய அமுக்கராத் தூள்

தூக்கம் வராமல் தவித்த அம்மாவுக்காக, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் அமுக்கரா (அசுவகந்தா) தூள் வாங்கினேன். சரக்கில் பழுது சொல்ல மாட்டேன். கேட்டதும் கடைக்காரர் ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டினார். வெளியே பழுப்பு, உள்ளே மாவாய் வெள்ளை, முகர்ந்தால் அசுவகந்தா என்ற பெயருக்குக் காரணமான குதிரை வாடை, நாக்கில் கைப்பு. ஆனால் எனக்குத் தந்த தூள் முன்னரே அரைத்து டப்பாவில் வைத்திருந்தது. உரிம எண்ணோ தயாரித்த தேதியோ இல்லை. வேரோடு இலையும் சேர்த்து அரைத்திருந்தால் எப்படித் தெரியும்? இலையைப் பயன்படுத்த வேண்டாமென்று 2021இல் பாரம்பரிய மருத்துவத்துக்கான மத்திய ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

பொட்டலம் கட்டும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “பாலில்தானே கலக்கப் போறீங்க?” வேறு மாத்திரை உண்டா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அம்மா பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை எடுப்பவர். மூன்றாம் வாரத்தில் படபடப்பும் வியர்வையும் வந்து, இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது என்று விளக்கி, அதன் மேல் சந்தேகப்பட்டு உடனே நிறுத்தச் சொன்னார்.

சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கைப் பிட்டவியலாக, அதாவது பாலின் ஆவியில் பிட்டுப்போல் வேகவைத்துச் சுத்திகரித்த பிறகே சூரணமாக்குவார்கள். அளவையும், எதனோடு சேர்த்து உண்பது என்ற அனுபானத்தையும் மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்வார். கடைத் தூளில் இவை எதுவும் இல்லை. கர்ப்பிணிகளும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இதை அறவே தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அரிதாகத்தான் என்றாலும், தொடங்கிய இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மஞ்சள் காமாலையும் உடல் அரிப்பும் கண்ட கல்லீரல் பாதிப்புகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறுநீர் அடர்ந்து, கண் மஞ்சளித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நிறுத்திச் சில வாரங்களில் அம்மாவின் படபடப்பு அடங்கியது. சுக்குக்கும் திப்பிலிக்கும் இன்றும் அதே கடைக்குத்தான் போகிறேன். மீதித் தூளை எடுத்துச் சென்று நடந்ததைச் சொன்னபோது கடைக்காரர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார், சென்ற வாரம் போனபோது டப்பாவின் மேல் “தைராய்டு, சர்க்கரை மாத்திரை உண்டா?” என்று கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது.