பெங்களூரு – ஒகேனக்கல் ஒரு நாள் டூர்: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

"பரிசல், அருவிக் குளியல், மீன் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே ரேட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பி முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கினாலே இந்த ஏமாற்றும் தொடங்கிவிடுகிறது. வேன் ஒகேனக்கல் போய் நின்ற பிறகுதான் கைடு வாய் திறப்பார்: "தண்ணி ஜாஸ்தி, பரிசலுக்குத் தடை. குளிக்கவும் விட மாட்டாங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கலெக்டர் ஆர்டர், நாங்க என்ன பண்றது?" என்பார்.

தடை நிஜம். அது முன்கூட்டியே தெரியாது என்பதுதான் பொய். கர்நாடகாவின் கபினி, கே.ஆர்.எஸ். அணைகளில் திறந்துவிட்ட தண்ணீர் உடனே ஒகேனக்கல் வந்துவிடாது. வரும் வழியில், மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. நீர்வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி என்று தமிழ்ச் செய்திகளில் தினமும் வருகிறது. 2024 ஜூலை கடைசியில் அது ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. இப்படி வெள்ளம் வந்தால் தடை நாள்கணக்கில் நீளும். இதே பிழைப்பில் இருக்கும் டூர்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா?

ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி "ஒகேனக்கல் நீர்வரத்து" என்று தேடிப் பாருங்கள். "பரிசல் ஓடாவிட்டால் தலைக்கு எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?" என்று மெசேஜில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. மழுப்பினால் அந்த டூர் வேண்டாம்.

வண்டி நம்பரையும் முன்பே கேளுங்கள். மஞ்சள் போர்டா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். "பர்மிட் காசு" என்று ஓசூர் எல்லையில் தனியாக வசூலிப்பதும் உண்டு. அது டூர்காரர் செலவு, உங்களுடையதல்ல.

தண்ணீர் குறைந்து பரிசல் ஓடும் நாளிலும் கவனம் வேண்டும். கைடு கூட்டிப்போகும் ஆளிடம் பணம் கொடுக்காமல், நேராகக் கவுன்டருக்குப் போய், போர்டில் உள்ள கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். மெயின் அருவிப் பக்கம் போய் மணல்மேடு வரை உண்டா என்று ஏறும் முன்பே கேளுங்கள். பாதி ஆற்றில் "இன்னும் கொஞ்சம் கொடுத்தா அருவிகிட்ட போலாம்" என்பது பழைய வித்தை. லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல், மாட்டி, பக்கிள் எல்லாம் பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பட்டை அறுந்திருந்தால் வேறு கேளுங்கள், குழந்தைக்கு அதன் அளவிலேயே கேளுங்கள். பெரியவர் ஜாக்கெட் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.

எண்ணெய் மசாஜுக்கு உட்காரும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். மீனை உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள்; வறுத்துத் தரும் கூலி தனியா, சேர்த்தா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.