ஸ்டான்ஃபோர்ட் ஓப்பன் போலீசிங் டேட்டா யூஸ் பண்ணிப் பாத்தேன்

போலீஸும் டேட்டாவும்னு சொன்னாலே அடுத்த திருட்டு எங்க நடக்கும்னு சாஃப்ட்வேர் ஜோசியம் சொல்ற சமாச்சாரம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், அதுல பெரிய பேரெடுத்த பிரெட்பால்ங்கிற சாஃப்ட்வேர லாஸ் ஏஞ்சலஸ் போலீஸே 2020ல வேணாம்னு விட்டுட்டாங்க. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியோட இந்த ஓப்பன் போலீசிங் ப்ராஜெக்ட் அந்த ரகம் இல்லைங்க, இங்க கணக்கு கேக்குறதே போலீஸ்கிட்டதான்.

அமெரிக்கால ரோட்டுல வண்டிய நிறுத்தி செக் பண்ண பதிவுகள ஊர் ஊரா வாங்கி, ஒரே ஃபார்மட்டுக்குக் கொண்டுவந்து, 20 கோடிக்கு மேல பதிவுகள அந்த டீம் ஃப்ரீயா போட்டு வச்சிருக்காங்க. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சத சேத்ததே பெரிய வேலை, டேட்டா கிளீன் பண்ணவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இருட்டு டெஸ்ட். கறுப்பினத்தவங்கள நிறைய நிறுத்துறாங்கன்னு ஒருத்தர் சொன்னா, அந்த ரோட்டுல அவங்கதான் நிறைய போறாங்கன்னு இன்னொருத்தர் சொல்லுவார், சண்டை முடியவே முடியாது. சாயங்காலம் 7 மணிய எடுத்துக்கோங்க, ஒரு சீசன்ல வெளிச்சம், இன்னொரு சீசன்ல கும்மிருட்டு, ஆனா ரோட்டுல போறவங்க கிட்டத்தட்ட அதே ஆளுங்கதான். இருட்டுல ஓட்டுறது யாருன்னு போலீஸுக்கு சரியா தெரியாது. 2020ல வந்த அவங்க ஆய்வுல, இருட்டினதும் நிறுத்தப்படறவங்கள்ல கறுப்பினத்தவங்க பங்கு குறையுது. அப்போ வெளிச்சத்துல என்ன நடக்குதுன்னு தனியா சொல்லணுமா? (ஐடியா இவங்களுது இல்ல, 2006லயே குரோகர், ரிட்ஜ்வேன்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியால இருக்கிற ஓக்லண்ட் ஊர் டேட்டால பண்ணது.)

சரி, இதனால ஜனங்களுக்கு என்ன லாபம்னா அமெரிக்காவுல நாஷ்வில்ங்கிற ஊரப் பாருங்க. 2016ல கறுப்பினத்தவங்கள அதிகமா நிறுத்துறாங்கன்னு ஒரு மக்கள் அமைப்பு அறிக்கை விட்டு பெரிய தகராறாச்சு, 2018ல ஸ்டான்ஃபோர்ட் டீம் உக்காந்து பாத்தா, பின்னாடி லைட் எரியலன்னெல்லாம் அத்தனை வண்டிய நிறுத்தியும் குற்றம் குறைஞ்ச மாதிரியே தெரியல, அப்புறம் நிறுத்துறதையே நல்லா குறைச்சுட்டாங்க. ரெண்டு தரப்பும் ஒரே கணக்க வச்சு பேசுனா இப்படி ஏதாவது நகரும்.

குறை இல்லாம இல்ல. எல்லா ஊரும் இல்ல, சில இடத்துல நிறுத்தின வண்டிய சோதனை போட்டாங்களாங்கிற விவரமே கிடையாது, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்ங்கிறதும் ஊருக்கு ஊர் மாறும், அதனால ரெண்டு ஊர அப்படியே பக்கத்துல வச்சு ஒப்பிட்டுடாதீங்க. டுடோரியல் அருமை, ஆனா ஆர்ங்கிற (R) புரோகிராமிங் மொழி தெரியணும். நான் அவசரப்பட்டு ஒரு பெரிய சிஎஸ்வி (CSV) டேட்டா ஃபைல எக்செல்ல தொறந்தேன், அது 10,48,576 வரியோட நின்னுடும்ங்கிறதையே மறந்து பாதி டேட்டாவுக்கு சராசரி போட்டுக்கிட்டிருந்தேன், தப்பு என் மேலதான்.

அஞ்சுக்கு நாலரை. முதல்ல ஒரு சின்ன ஊர் ஃபைலா இறக்கிப் பாருங்க.