வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குழாய்நீர்: பல ஆண்டுப் புழக்கத்தில் தெரிந்தவை

சிங்கப்பூர்க் குழாய்நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம். பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்பும் நீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைக்கு உட்பட்டது. அது கெடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு மீட்டரில், நம் சமையலறைக்குள்தான்.

குழாய் முனையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வலையில் மணலும் துருவும் தங்கியிருக்கும். கறுப்புத் துணுக்கு இருந்து, விரலால் தேய்த்தால் மை போல ஒட்டினால், அது ரப்பர் வாஷரோ பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் உள்ள வளையும் குழாயோ கரைவதன் அடையாளம். அதை மாற்றாமல் வலையை மட்டும் கழுவிப் பயனில்லை. வலையை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது.

தண்ணீர் பால் போல வந்தால் பயம் வேண்டாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. பழுப்பாக வந்தால் துணி துவைக்கும் இயந்திரத்தையும் ஹீட்டரையும் நிறுத்திவிட்டு, குளிர்நீர்க் குழாயைத் தெளியும்வரை திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் அப்படித்தான் என்றால் நகர மன்றத்துக்குச் சொல்ல வேண்டும். மேல்மாடிகளுக்கு மொட்டைமாடித் தொட்டி வழியாகத்தான் நீர் வருகிறது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உள்குழாய் துருப்பிடித்திருக்கலாம். உரிமம் பெற்ற பிளம்பரை அழையுங்கள்.

இனி ஃபில்ட்டர். கார்பன் கார்ட்ரிட்ஜ் மருந்து வாடையை எடுத்துவிடும், ருசியும் கூடும். ஆனால் அந்த வாடைக்குக் காரணமான குளோராமின்தான் கிருமியைத் தடுக்கும் காவல். அதை எடுத்தபின் ஃபில்ட்டருக்குள் தேங்கும் நீருக்குக் காவலில்லை. கெடு தாண்டிய கார்ட்ரிட்ஜின் உட்புறம் விரலுக்கு வழுவழுவென்று படும். அப்படிப்பட்டதைவிட ஃபில்ட்டர் இல்லாத குழாயே மேல் என்பது என் உறுதியான கருத்து. பெட்டியில் போட்டிருக்கும் மாதக் கணக்கு, லிட்டர் கணக்கு, எது முந்துகிறதோ அன்றே மாற்றுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் மேலேயே எழுதிவிடுங்கள். புதிதில் கறுப்புத் தூள் வரும்; தெளியும்வரை ஓடவிடுங்கள். சுடுநீர்க் குழாயில் இதை மாட்டக்கூடாது.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாளியில் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் குளோராமின் போகாது. அதற்கான மருந்துச் சொட்டு கட்டாயம் வேண்டும்.

குழந்தைக்குப் பால் கலக்கக் குளிர்நீரைப் பிடித்துக் காய்ச்சுங்கள். ஹீட்டர் நீரில் உலோகம் கூடுதலாகக் கரைந்திருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ச் சில வாரம் கழித்துத் திரும்பினால், குடிக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் குழாயைத் திறந்துவிடுங்கள். அந்த நீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.