விக்கிப்பீடியாவை மொத்தமாக அள்ள: ஏபிஐயா, டம்பா?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அத்தனையும் வேண்டும் என்றதும் பலர் பைத்தானைத் திறந்து, வலைப்பக்கத்தைப் பிரித்துப் படிக்கும் பியூட்டிஃபுல்சூப் நூலகத்தை வைத்து ஒவ்வொரு பக்கமாகச் சுரண்டக் கிளம்பிவிடுகிறார்கள். எதற்கு? அந்தத் தளமே இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: நிரல்கள் வேண்டியதை நேரடியாகக் கேட்டு வாங்கும் ஏபிஐ, எல்லாக் கட்டுரைகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளத் தரும் டம்ப்.

ஏபிஐயில் ஒரே கோரிக்கையில் 50 தலைப்புகள் வரை கேட்கலாம். பதில் நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் வரும், மிச்சம் இருந்தால் ‘கன்டினியூ’ என்று ஒரு துண்டும் கூடவே வரும், அதை அடுத்த கோரிக்கையில் சேர்த்து அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோரிக்கையோடு போகும் யூசர் ஏஜென்ட் என்ற அடையாள வரியில் நீங்கள் யார் என்று எழுதிவிடுங்கள். அவசரப்பட்டுச் சரமாரியாகக் கேட்டால் ‘கோரிக்கைகள் அதிகம்’ என்று சொல்லும் 429 பிழைதான் கிடைக்கும், அது நியாயமும்கூட.

சில நூறு கட்டுரைகள், அல்லது இன்று காலை மாறியவை மட்டும் என்றால் இதுவே போதும். மொத்தமும் வேண்டுமா, யோசிக்காமல் டம்ப்.

டம்பில் கட்டுரைகள் இருக்கும் ‘பேஜஸ் ஆர்ட்டிகிள்ஸ்’ என்ற சுருக்கிய எக்ஸ்எம்எல் கோப்பை ஒருமுறை இறக்கினால் சர்வரை அப்புறம் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அதை விரித்து வைக்கவும் வேண்டாம்: பைத்தானின் பிஇசட்2 வழியாகத் திறந்து, எக்ஸ்எம்எல்லைச் சிறிது சிறிதாகப் படிக்கும் இடர்பார்ஸால் ஒவ்வொரு ‘பேஜ்’ ஆகப் படித்து, வேலை முடிந்ததும் கிளியர் செய்துகொண்டே போகலாம், ஆனால் எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் வேர் உறுப்பையும் சேர்த்துக் கிளியர் செய்யாவிட்டால் காலி உறுப்புகள் குவிந்து ரேம் மெல்ல மெல்ல நிரம்பும்.

டம்பில் ஒரு தலைவலி உண்டு. பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் வார்ப்புருக்கள் விரியாமல் இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கும். தகவற்பெட்டியை விரிந்த வடிவில் பார்க்க வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பக்கத்தை விரித்துத் தரும் ஏபிஐயின் ‘பார்ஸ்’ வசதிக்குப் போங்கள்.