மங்குக்கு கிரீம் போட்டுக்கிட்டு சித்திரை வெயில்ல மதுரை: மெடிக்கல், பார்லர், ஸ்கின் டாக்டர் அனுபவம்

மங்குக்கோ (முகத்துல படர்ற பழுப்புத் திட்டு) கரும்புள்ளிக்கோ கிரீம் போட்டுக்கிட்டு இருக்கறவங்க ஏப்ரல், மே மாசத்துல ஊருக்கு கிளம்பறதா இருந்தா இதை ஒரு தடவை படிச்சுட்டு போங்க. நியூ ஜெர்சில இருந்து மதுரைக்கு போயிட்டு இப்பத்தான் திரும்பி வந்தேன். சித்திரைத் திருவிழாவும் அக்கா பொண்ணு கல்யாணமும் ஒட்டி ஒட்டி வந்ததால இந்த தடவை மெடிக்கல் கடை, பார்லர், ஸ்கின் கிளினிக், துணிக்கடைன்னு எல்லா இடமும் ஏறி இறங்க வேண்டி இருந்துச்சு. எங்க போனாலும் வெளுக்க வைக்க ஏதாவது ஒண்ணை எடுத்து நீட்டறாங்க, ஆனா அதை போட்டுக்கிட்டு இந்த வெயில்ல எப்படி நடமாடறதுன்னு யாரும் வாயைத் திறக்கல. ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும் உக்கார வச்சு பொறுமையா சொன்னாங்க, அதை நாலு பேர் தெரிஞ்சுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல என் கதை. ரெண்டாவது குழந்தை வயித்துல இருந்தப்ப வந்த மங்கு எனக்கு, ரெண்டு கன்னத்துலயும் மேல் உதட்டுக்கு மேலயும் இருக்கு. இங்க நியூ ஜெர்சி டாக்டர் ராத்திரிக்கு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் எழுதி கொடுத்திருந்தாங்க. ஹைட்ரோகுவினோன் என்ன பண்ணும்னா தோலுக்கு கருமை கொடுக்கற மெலனின் தயாராக உதவற டைரோசினேஸ்ங்கற என்சைமை தடுக்கும், ட்ரெட்டினாயின் மேல் தோலை சீக்கிரம் உதிர்த்து புதுத்தோலை மேல கொண்டு வரும், அந்த புதுத்தோல் ரொம்ப மென்மையா இருக்கறதால வெயில் பட்டா சட்டுன்னு சிவந்து எரியும், எரிச்சல் வந்தா நம்ம மாதிரி நிறத்துக்கு அது ஆறும்போது கருப்பாத்தான் ஆறும். அதாவது வெளுக்கறதுக்கு போடற மருந்தே வெயில்ல கவனமில்லாம இருந்தா கருக்க வச்சிடும். அதனால டாக்டர் கிளம்பறதுக்கு முன்னாடியே ட்ரெட்டினாயினை நிறுத்திட்டு அஸிலாயிக் ஆசிட் மட்டும் எடுத்துட்டு போகச் சொன்னாங்க. உங்க மருந்து வேறயா இருக்கலாம், அதனால டிக்கெட் போட்ட உடனே உங்க டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

மதுரை வெயில்னா நமக்கு தெரியாதான்னு தோணும். ஆனா சூடு வேற, யுவிங்கற புற ஊதாக் கதிர் வேற. மதுரை பூமத்திய ரேகைல இருந்து 10 டிகிரி கூட தள்ளி இல்ல, ஏப்ரல் நடுவுல மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வந்து நிக்கும், நிழல் காலடியிலயே சுருண்டுக்கும். யுவி இண்டெக்ஸ் 11 தொட்டாலே எக்ஸ்ட்ரீம்னு கணக்கு, அந்த மாசத்துல நம்ம ஊர்ல மத்தியானம் அது சர்வசாதாரணம். நியூ ஜெர்சில ஜனவரில 1, 2ன்னு இருக்கும், அந்த குளிர்காலத்தை முடிச்சுட்டு நேரா மதுரைல வந்து இறங்கறோம். போன்ல வெதர் பார்க்கற இடத்துலயே யுவி நம்பரும் இருக்கும், வெளியில கிளம்பறதுக்கு முன்னாடி அதை பார்க்கற பழக்கம் வச்சுக்கங்க. போன் கையில இல்லன்னா நிழலைப் பாருங்க, நம்ம உயரத்தை விட நிழல் குட்டையா இருந்தா வெயில் கடுமைன்னு அர்த்தம்.

இப்ப மெடிக்கல் கடை விஷயத்துக்கு வர்றேன், மனசு கஷ்டப்பட்டது இங்கதான். வீட்டுக்குள்ள போனதுமே அக்கா பொண்ணு முகத்தை பார்த்து திக்குன்னு ஆயிடுச்சு. கன்னம் ரெண்டும் சிவந்து, மெல்லிசா நரம்பு தெரியுது, தாடையில பொடிப்பொடியா பரு, வெயில்ல போயிட்டு வந்தா எரியுதுன்னு ஈரத்துணிய வச்சு ஒத்தி எடுக்கறா. என்னம்மா போடறன்னு கேட்டா ஒரு சின்ன டியூப் எடுத்து காட்டுனா, தீபாவளில இருந்து போடறாளாம், தெரு முனை மெடிக்கல்ல கேட்டு வாங்கினதாம், விலை 150 ரூபாய்க்குள்ள. "முதல் வாரத்துலயே பளிச்சுன்னு ஆச்சு சித்தி, நிறுத்தினா முன்னைய விட கருப்பா வருது, அதான் விடாம போடறேன்"னா. பின்னாடி திருப்பி பார்த்தா ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025, மோமெட்டசோன் 0.1. கடைசில இருக்கற மோமெட்டசோன் ஸ்டீராய்டு. அந்த பளிச்செல்லாம் பெரும்பாலும் அதோட வேலைதான், மாசக்கணக்கா முகத்துல போட்டா தோல் மெலிஞ்சு போகும், முடி வளரும், பரு வரும், நிறுத்தினா எரிச்சல் இன்னும் மோசமா திரும்பி வரும். நம்ம நாட்டு தோல் டாக்டர்களே இதுக்கு ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகம்னு தனியா பேர் வச்சு வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க. இந்த மூணும் கலந்த மருந்து கெட்டதுன்னு நான் சொல்ல வரல, மங்குக்கு டாக்டர்களே எழுதறதுதான், ஆனா சில வாரத்துக்கு, கண்காணிப்போட.

அடுத்த நாள் அந்த கடைக்கு நானே போனேன். மங்குக்கு ஏதாவது கிரீம் இருக்கான்னு கேட்ட உடனே அதே டியூப் கவுண்டருக்கு வந்துருச்சு. சீட்டு கேக்கல, எத்தனை நாள் போடணும்னு சொல்லல, வெயில்ங்கற பேச்சே இல்ல. டியூப்லயே டாக்டர் சீட்டுக்கு மட்டும் விக்கணும்னு அச்சடிச்சிருக்கு, இந்த மாதிரி ஸ்டீராய்டு தோல் மருந்துகளை 2018லயே ஷெட்யூல் எச்சுக்குள்ள, அதாவது சீட்டு இருந்தாத்தான் விக்கலாம்ங்கற பட்டியலுக்குள்ள கொண்டு வந்தாச்சு. இதை சொன்னேன், "எல்லாரும் வாங்கறாங்கக்கா, ஒண்ணும் ஆகாது"ன்னாரு. அமெரிக்காவுல 2020ல இருந்து ஹைட்ரோகுவினோனே சீட்டு இல்லாம வாங்க முடியாது. எல்லா கடையும் இப்படின்னு சொல்லல, கிளினிக் பக்கத்துல இருந்த கடையில அந்த தம்பி சீட்டை வாங்கி படிச்சு, ராத்திரி மருந்து எது பகல் மருந்து எதுன்னு கவர்லயே தமிழ்ல எழுதிக் கொடுத்தாரு.

பார்லர். கே.கே. நகர் பக்கம், கல்யாணப் பொண்ணுக்கு பேக்கேஜ் பேச போனோம். பிளீச், ஃப்ரூட் ஃபேஷியல், வெயில் கருப்பை எடுக்கறதுக்குன்னு போடற டீ-டேன், வேக்சிங், எல்லாம் சேர்த்து. அந்த பொண்ணுங்க அன்பானவங்க, கை சுத்தமா வேலை செய்யறாங்க, அதுல குறை இல்ல. ஆனா முகத்துக்கு என்ன மருந்து போடறீங்கன்னு ஒரு கேள்வி யாரும் கேக்கல. ட்ரெட்டினாயின் போடற முகத்துல வேக்சிங் பண்ணினா தோல் உரிஞ்சு வரும், த்ரெட்டிங்கே சில பேருக்கு புண்ணாகும். பிளீச்சுல இருக்கற பெராக்சைடும் அம்மோனியாவும் முகத்து பூனைமுடியோட நிறத்தைத்தான் மாத்தும், வெயில்ல கருத்த தோலுக்கு அது மருந்தே இல்ல. டீ-டேன் டப்பாவை வாங்கி படிச்சேன், அதுல கிளைகாலிக் ஆசிட் இருந்துச்சு. இந்த மாதிரி ஆசிட் போட்டா அதுக்கப்புறம் ஒரு வாரம் வரைக்கும் தோல் வெயிலை தாங்காது, சன்ஸ்கிரீன் கண்டிப்பா போடணும், ஆனா இவங்க முகத்தை துடைச்சுவிட்டு அப்படியே பதினொரு மணி வெயில்ல ஸ்கூட்டில அனுப்பி வைக்கறாங்க. டேன் போக காசு கொடுத்துட்டு புது டேனோட வீட்டுக்கு போறோம்.

அங்கயே இன்னொரு விஷயமும் நடந்துச்சு. நிறம் வெளுக்க நரம்புல ஏத்தற குளுட்டதயோன் டிரிப் போட்டுக்கலாமே, தெரிஞ்ச இடம் இருக்குன்னு மெதுவா சொன்னாங்க. நிறம் வெளுக்கறதுக்குன்னு எந்த ஊசிக்கும் அமெரிக்காவுல மருந்துகளை கட்டுப்படுத்தற எஃப்டிஏவோட அனுமதி கிடையாது, வேண்டாம்னு சொல்லிட்டோம். அப்புறம் ஒரு குட்டி டப்பா எடுத்தாங்க, நைட் கிரீமாம், லேபிள் இல்ல, கம்பெனி பேர் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல. இது பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். பக்கத்து கேரளாவுல மலப்புறம் கோட்டக்கல்ல இருக்கற ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் பார்த்த ஒரு வகை கிட்னி நோய்க்காரங்க 22 பேர்ல 15 பேருக்கு ஒரே மாதிரி ஒரு அடையாளம் தெரிஞ்சிருக்கு, அந்த 15 பேர்ல 13 பேர் ஃபேர்னெஸ் கிரீம் போட்டவங்க. காரணம் பாதரசம். பாதரசமும் மெலனினை தடுக்கும், அதனாலதான் சீக்கிரம் வெளுக்குது, ஆனா தோல் வழியா உள்ள போயி கிட்னில உக்காந்துக்கும். முகத்துக்கு போடறதுல அது பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுலயே விதி இருக்கு. லேபிளே இல்லாத டப்பாவுல யார் போய் அளந்து பார்க்கறது? ஒரு வாரத்துல வெளுக்கும்னு சொல்லி பேரில்லாத கிரீமை யார் கொடுத்தாலும், சொந்த அத்தையே கொடுத்தாலும் வாங்காதீங்க.

அத்தைன்னதும் ஞாபகம் வருது, எலுமிச்சம்பழத்தை முகத்துல தேய்க்கச் சொல்ற சொந்தக்காரங்க எல்லா வீட்லயும் உண்டு. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா தீக்காயம் மாதிரி கொப்பளிச்சு, அப்புறம் மாசக்கணக்குல போகாத கருப்புத் திட்டு விழும். கடலைமாவு தயிர் தேய்ச்சுட்டு போங்க, எலுமிச்சை மட்டும் வேண்டாம்.

ஸ்கின் டாக்டர் அண்ணா நகர்ல. போன்லயே டோக்கன் வாங்கிட்டோம், ஆறு மணிக்கு வரச்சொல்லி உள்ள போக எட்டரை ஆச்சு, உக்கார இடம் பத்தாது, ஃபேன் ஒண்ணுதான். ஃபீஸ் 500 ரூபா. ஆனா உள்ள போனதுக்கப்புறம் அவசரமே படல. லைட்டை அணைச்சுட்டு ஊதா விளக்கு வச்சு அவ முகத்தை பார்த்தாங்க, டியூபை வாங்கி பார்த்தாங்க, ஒரு வார்த்தை திட்டல. திடீர்னு நிறுத்தினா முகம் பத்தி எரியும், கல்யாணம் வேற இருக்கு, அதனால படிப்படியா குறைக்கலாம்னு வேற களிம்பு எழுதினாங்க. முகத்துல யாரும் கை வைக்கக்கூடாது, பிளீச் ஃபேஷியல் எதுவும் கல்யாணத்துக்கு வேண்டாம், மேக்கப் மட்டும் போட்டுக்கோன்னாங்க. அப்புறம் அவ தலையை தடவி, "நீ கருப்பா இருக்கறது நோய் இல்லம்மா, இந்த சிவப்புதான் நோய், இதை சரி பண்ணலாம்"னு சொன்னாங்க. அக்கா அங்கயே அழுதுட்டா.

அதுக்கப்புறம் வெயில் பாடம், எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 50ஆ 100ஆன்னு பார்த்து குழம்ப வேண்டாம், 30லயே தோலை எரிக்கற யுவிபி கதிர் 97 சதவீதம் நின்னுடும், போடற அளவுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டோட முழு நீளத்துக்கும் பிதுக்கினா வர்ற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு. அப்படி தினம் ரெண்டு வேளை போட்டா 50 கிராம் டியூப் மூணு வாரத்துக்கு வர்றதே பெருசு, ரெண்டு மாசம் வருதுன்னா அது போட்ட கணக்குல சேராது. வியர்த்து துடைச்சா மறுபடி போடணும், வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பிஏ பக்கத்துல பிளஸ் எத்தனைன்னு பார்க்கணும், அது தோலுக்குள்ள ஆழமா போற யுவிஏ கதிருக்கு, நாலு பிளஸ் இருந்தா நல்லது. இன்னொண்ணு சொன்னாங்க, கண்ணுக்கு தெரியற வெளிச்சமே நம்ம நிறத்துக்காரங்க மங்கை கருக்க வைக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் அதை தடுக்காது, அயர்ன் ஆக்சைடு போட்ட டின்டட் சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். பழுப்பு நிறத்துல வரும், முகம் சாம்பல் பூத்த மாதிரியும் தெரியாது. பக்கத்து மெடிக்கல்லயே 600 சொச்சத்துக்கு கிடைச்சுது. இன்னொரு நல்ல விஷயம், பெமோட்ரிஸினால் மாதிரி யுவிஏவை நல்லா தடுக்கற ஃபில்டர்கள் போட்ட சன்ஸ்கிரீன் ஊர்ல சாதாரணமா கிடைக்குது, அமெரிக்காவுல அதுக்கு அனுமதி வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே கிடந்துச்சு. நான் பெட்டில இடம் இருந்த வரைக்கும் வாங்கிட்டு வந்தேன். கடை வாசல்ல வெயில் படற ஷோகேஸ்ல இருக்கறதை வாங்காம உள்ள ஏசில இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்க, சூட்டுல அது கெட்டுப்போகும்.

கிரீமை விட துணிதான் நம்பகம்னு அவங்களே சொன்னாங்க. விளக்குத்தூண் பக்கம் போய் நெருக்கமா நெய்த, அடர் நிறத்துல ரெண்டு காட்டன் துப்பட்டா வாங்கினோம், மெல்லிசான வெள்ளைத் துணில யுவி உள்ள வந்துடும். ஸ்கூட்டில போற பொண்ணுங்க முகத்தை சுத்தி துப்பட்டா கட்டி முழங்கை வரைக்கும் கிளவுஸ் போட்டுக்கிட்டு போறாங்களே, அதுதான் சரியான முறை, நானும் அப்படியே கட்டிக்கிட்டேன். உள்பக்கம் கருப்பு பூச்சு போட்ட குடை ஒண்ணு வாங்கினேன், ஆட்டோல போனாலும் பக்கவாட்டு வெயிலுக்கு அதை சாய்ச்சு பிடிச்சுக்கலாம். கார்ல போறவங்க கண்ணாடி ஏத்தியிருக்குன்னு நம்பிடாதீங்க, பக்கக் கண்ணாடி யுவிபியை தடுக்கும், யுவிஏ கணிசமா உள்ள வரும், கருப்பு ஃபிலிம் ஒட்ட 2012லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டாச்சு, அதனால எங்கிட்டு வெயிலோ அதுக்கு எதிர்ப்பக்கமா உக்காருங்க. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு விடிகாலைலயே போயிட்டு ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துட்டோம். அழகர் ஆத்துல இறங்கறதையும் இருட்டோட போய் பார்த்துட்டு வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பிட்டோம். ஜவுளி எடுக்க, பத்திரிகை வைக்க எல்லாம் நாலரை மணிக்கு மேலதான்.

அடுப்படி சூடும் மங்கை கிளப்பும்னாங்க டாக்டரம்மா, அதனால கல்யாண வீட்டுப் பலகாரம் சுடற வேலைல இருந்து எனக்கும் அவளுக்கும் விடுதலை, அக்காவே நிக்க விடல.

கல்யாணத்தன்னைக்கு கன்னச் சிவப்பு முழுசா போகல, ஆனா எரிச்சல் நின்னுருச்சு, மேக்கப் போட வந்த அதே பார்லர் பொண்ணு டாக்டர் சீட்டை பார்த்துட்டு லேசான பேஸ் மட்டும் போட்டு அழகா முடிச்சுக் கொடுத்தா. மூணு மாசமாவது ஆகும்னு சொல்லியிருக்காங்க. அடுத்த செக்கப்புக்கு அக்கா கூட்டிட்டு போறா. டோக்கன் காலைல பத்து மணிக்கு போன்ல போட்டா பத்து நிமிஷத்துல தீர்ந்துடும், பழைய டியூப் எதுவா இருந்தாலும் தூக்கிப் போடாம கையில கொண்டு போங்க, அதை பார்த்துத்தான் அவங்க மருந்தே எழுதறாங்க.